யு.கே.ஜி.யில் வாசிப்பும் எழுத்தும் சேர்த்தா, 247-ஐ முடித்த பிறகா?

பல்பம்

எல்லாருக்கும் வணக்கம். சின்ன ஊர் ஒன்றில் நர்சரி பள்ளியில் வேலை பார்க்கிறேன். இத்தனை நாள் எல்.கே.ஜி., இந்த வருஷம் யு.கே.ஜி. தமிழ் கொடுத்திருக்கிறார்கள். வகுப்பில் முப்பது பிள்ளைகள் பக்கம் இருக்கிறார்கள்.

எங்கள் பள்ளி வழக்கம் இதுதான்: எல்.கே.ஜி.யில் உயிர் 12, கூடவே ஆய்தம். யு.கே.ஜி.யில் மெய் 18, அப்புறம் க வரிசை, ங வரிசை, ச வரிசை என்று உயிர்மெய் 216-ஐயும் எழுதி முடிக்க வேண்டும். வகுப்பில் தினம் ஒரு பக்கம், வீட்டுக்கு ஒரு பக்கம். வாசிப்பு என்று தனியாக எதுவும் கிடையாது, அது ஒன்றாம் வகுப்பு டீச்சர் பாடு என்று விட்டுவிடுகிறோம்.

இப்போது ஒன்றாம் வகுப்புக்குப் போயிருக்கும் பிள்ளைகளைக் கவனித்தேன். ஙௌ, ஞௌ வரைக்கும் அச்சுப் போல எழுதுகிறார்கள். ஆனால் போர்டில் 'மரம்' என்று எழுதி வாசிக்கச் சொன்னால் "ம... ர... இம்" என்கிறார்கள். சேர்த்துச் சொல்லு என்றால் "மரயிம்". அது ஜன்னலுக்கு வெளியே நிற்கிற மரம்தான் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஒரு பையன் மட்டும் சொன்னான், அதுவும் பக்கத்தில் நான் படம் போட்டதற்கு அப்புறம்.

அதனால் இந்த வருஷம் வேறு மாதிரி செய்து பார்க்க நினைக்கிறேன். நாலைந்து எழுத்து சொல்லிக்கொடுத்த உடனே அவற்றை வைத்துச் சொல் வாசிக்கவும் அதே சொல்லை எழுதவும் வைத்தால் என்ன? எந்த எழுத்தில் தொடங்குவது என்று குழப்பமாக இருக்கிறது. விரல் இன்னும் பிடிபடாத பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள், அவர்களை என்ன செய்வது? தானாக எழுதவிட்டால் தப்புத் தப்பாக எழுதுவார்களே, அதைத் திருத்த வேண்டுமா விட வேண்டுமா? அதைவிடப் பெரிய தலைவலி, நோட்டில் பக்கம் நிறையவில்லை என்றால் பெற்றோர் கேட்பார்கள், அவர்களுக்கு முன்னால் எங்கள் கரஸ்பாண்டன்ட் கேட்பார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

கம்பிப்பந்தல்

டீச்சர், நான் அரசுத் தொடக்கப் பள்ளியில் இருந்து ஓய்வு பெற்றவள். கேள்வியிலேயே பாதிப் பதிலை நீங்களே சொல்லிவிட்டீர்கள், அந்த "இம்" இருக்கிறதே, அதுதான் பிரச்சினையின் வேர். இக், இங், இச் என்று மெய்யெழுத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயரைப் பிள்ளை ஒலி என்று நினைத்துக்கொள்கிறது. மரம் என்ற சொல்லில் 'இ' எங்கே இருக்கிறது? பிள்ளை மேல் தப்பே இல்லை, நாம் சொல்லிக்கொடுத்ததைத்தான் அது சொல்கிறது.

மெய்யை முதலில் தனியாகக் காட்டாதீர்கள். சொல்லின் கடைசியில் வைத்துக் காட்டுங்கள். 'படம்' என்று சொல்லி, உதட்டை மூடி ம்ம்ம் என்று இழுக்கச் சொல்லுங்கள். மாடு கத்துகிற மாதிரி வகுப்பே ஒரே சத்தமாக இருக்கும், இருக்கட்டும். அப்புறம் அந்தப் புள்ளி வைத்த ம-வைக் காட்டி "உதடு மூடினால் இவர்" என்று சொல்லுங்கள். 18 மெய்யின் பெயர்களையும் வரிசையாக ஒப்பிப்பது ஒன்றாம் வகுப்பிலோ இரண்டிலோ வந்தால் போதும்.

எந்த எழுத்தில் தொடங்குவது என்றால் என் ஓட்டு ட, ப, ம. இது நான் கண்டுபிடித்தது இல்லை, நம் மாநிலத்தில் பல காலமாக உள்ள வழிதான். மூன்றும் கோட்டெழுத்து, கைக்கு எளிது, அதோடு மூன்றையும் வைத்துக்கொண்டு மேலே புள்ளியையும் சேர்த்தால் அப்போதே படம், மடம், பட்டம், மட்டம் வந்துவிடும். துணைக்கால் சேர்த்தால் பாடம், மாடம், மாமா, பாப்பா, டாட்டா. டாட்டாவை எழுதிய அன்று வகுப்பில் ஒரு பிள்ளையும் சும்மா இருக்காது, வீட்டுக்குப் போகும்போது அதை எழுதிக் காட்டிவிட்டுத்தான் கையை ஆட்டும். க வந்தால் காகம், பக்கம், கட்டம். அ-வைச் சேர்த்தால் அம்மா, அப்பா, அக்கா. ல வந்தால் பால், கால், கல், பல், கடல், கப்பல். எண்ணிப் பாருங்கள், பத்துக்கும் குறைவான வடிவம்தான், அதற்குள் வாசிக்க இவ்வளவு சொல் கிடைத்துவிட்டது.

இதையே உயிரெழுத்தில் தொடங்கினால் என்ன ஆகிறது என்று பாருங்கள். அ, ஆ, இ, ஈ... தமிழில் உயிர் எழுத்து வடிவம் சொல்லின் முதலில்தான் வரும். பன்னிரண்டையும் படித்து முடித்த பிள்ளைக்கு ஆ, ஈ மாதிரி ஓரெழுத்துச் சொல்லைத் தவிர வாசிக்க எதுவுமே கிடையாது. ஒரு வருஷம் முழுக்க எழுதி, ஒரு சொல் வாசிக்க முடியாத படிப்பு அது.

தினசரி எப்படி நடத்தலாம் என்றால், காலையில் வந்ததும் போர்டில் அன்றைய செய்தி ஒன்று, ஒரே வரி. பிள்ளைகள் சொல்ல வேண்டும், நீங்கள் எழுத வேண்டும். "இன்று மழை. பாப்பா வரவில்லை." எழுதும்போது வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுங்கள். அவர்களுக்குத் தெரிந்த எழுத்து வரும் இடத்தில் நிறுத்தி, "பாப்பாவுக்கு முதலில் என்ன போடணும்?" என்று கேட்டு ஒருவரைக் கூப்பிட்டு அந்த ஓர் எழுத்தை மட்டும் எழுதச் சொல்லுங்கள். மீதியை நீங்கள் எழுதுங்கள். முடித்ததும் எல்லோரும் விரல் வைத்து வாசிக்க வேண்டும். எழுதியதை வாசிக்கலாம், வாசிப்பதை எழுதலாம் என்று அவர்களுக்குப் புரிவது இங்கேதான், அதற்குத் தனிப் பாடம் தேவையில்லை.

2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் (பிள்ளைகள் பாட அட்டைகளை எடுத்துத் தாங்களே செய்து படிக்கும் முறை) வந்து, பிறகு மாநிலம் முழுக்கப் பரவியபோது சுவரின் கீழ்ப்பக்கம் பிள்ளைகள் உயரத்துக்குக் கரும்பலகை அடித்தார்கள், ஆளுக்கொரு கட்டம். குறுக்கே கம்பி கட்டி, எழுதியதை எல்லாம் தொங்கவிட்டோம், என் பெயர் அங்கிருந்து வந்ததுதான். அந்தத் திட்டத்தைப் பற்றி எனக்கு ஆயிரம் குறை உண்டு, அட்டைகளைத் தேடியே பாதி நேரம் போகும். ஆனால் அந்தக் கீழ்மட்டக் கரும்பலகையைக் குறை சொல்ல மாட்டேன். சாக்பீஸில் எழுதி, வாசித்து, கையால் அழித்துவிட்டு மறுபடி எழுதுகிற பிள்ளைக்குத் தப்பைப் பற்றிய பயமே வராது. உங்கள் பள்ளியில் முடியாவிட்டால் சிலேட்டு வாங்கச் சொல்லுங்கள், நோட்டைவிட மலிவு.

---

ரெண்டு பிள்ளை அப்பா

மாற்றுக் கருத்து ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். என் மூத்தவள் படித்த பள்ளியில் இந்த மாதிரிதான், "அவளாக எழுதட்டும், திருத்தாதீர்கள்" என்றார்கள். நாங்களும் விட்டோம். இரண்டாம் வகுப்பு வந்த பிறகும் பால் என்பதைப் 'பாலு' என்றும், பூனையைப் 'பூன' என்றும் எழுதினாள். சின்னவனை வழக்கமான பள்ளியில் போட்டோம், தினம் பக்கம் பக்கமாகப் பார்த்து எழுதுவான். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது, எழுத்துப் பிழையும் குறைவு. பார்த்து எழுதுவதை இங்கே எல்லோரும் ஏதோ குற்றம் மாதிரி பேசுகிறார்கள். பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் அரிச்சுவடி எழுதி எழுதித்தானே நம் தாத்தாக்கள் படித்தார்கள்?

---

கம்பிப்பந்தல்

தம்பி, திண்ணைப் பள்ளிக்கூடத்தில் வாயை மூடிக்கொண்டு எழுதவில்லையே. ஒரு பிள்ளை உரக்கச் சொல்ல, மற்ற பிள்ளைகள் சொல்லிக்கொண்டே மணலில் விரலால் எழுதுவார்கள். வாயும் காதும் கையும் ஒரே நேரத்தில் வேலை செய்யும். 1789 வாக்கில் எழும்பூரில் ஆதரவற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளியை நடத்த வந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், உள்ளூர்ப் பிள்ளைகள் இப்படி மணலில் எழுதுவதைப் பார்த்துத்தான் தன் பள்ளியிலும் மணல் தட்டைக் கொண்டுவந்தார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையோடு சேர்த்து 1797-இல் அதை லண்டனில் அச்சிட்டார், இங்கிலாந்தில் அதற்கு 'மெட்ராஸ் முறை' என்றே பெயர். இன்று நம் பிள்ளைகள் செய்வது அது இல்லை. மேலே மிஸ் எழுதிய க-வைப் பார்த்துக் கீழே இருபது க, அதுவும் முதல் வரி ஒழுங்காக, கடைசி வரி கோழி கிளறிய மாதிரி. ஏழாவது க-வுக்குப் பிறகு அந்தப் பிள்ளை எதையும் படிப்பதில்லை, கட்டத்தை நிரப்புகிறது.

ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். 'திருத்தவே கூடாது' என்பது அரைகுறையாகப் புரிந்துகொண்ட விஷயம். யு.கே.ஜி.யில் பாலு என்று எழுதலாம். இரண்டாம் வகுப்பில் எழுதக் கூடாது. நடுவில் யாரோ அவர்கள் வேலையைச் செய்யவில்லை.

---

கைவிரல்

நான் தொழில்வழிச் சிகிச்சையாளர், குழந்தைகளோடுதான் வேலை. விரல் பிடிபடாத ஏழெட்டுப் பேர் பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

பார்த்து வரைவதில் ஒரு வரிசை உண்டு. ஏறக்குறைய மூன்று வயதில் நேர்கோடும் வட்டமும், நாலில் கூட்டல் குறி, நாலரை ஐந்தில் சதுரம், முக்கோணம் அதற்கும் பின்னால். பிள்ளைக்குப் பிள்ளை முன்னே பின்னே இருக்கும். இப்போது எல்.கே.ஜி. பிள்ளைக்கு மூன்றரை வயதில் நாம் முதலில் கொடுக்கும் எழுத்து எது? அ. அடுத்தது ஆ, இ. சுழித்து, வளைத்து, மறுபடி கீழே இறக்கி, குறுக்கே இழுத்து! நம் எழுத்திலேயே சிக்கலான உருவங்கள் அவை. ட-வோ இரண்டே கோடு, ஒரு மூலை. ட, ப, ம பற்றி மேலே டீச்சர் சொன்னது கை வளர்ச்சிப்படி பார்த்தாலும் சரிதான். சதுரம் வரைய வருகிற பிள்ளைக்கு ப தானாக வரும்.

கை தயாராகாத பிள்ளைகளை எழுத்தில் இருந்து ஒதுக்கிவைக்க வேண்டாம், பென்சிலில் இருந்து மட்டும் கொஞ்ச நாள் ஒதுக்குங்கள். அவர்கள் எழுத்து அட்டையை அடுக்கிச் சொல் செய்யட்டும். தட்டில் ரவையோ மணலோ பரப்பி விரலால் எழுதட்டும். தண்ணீரில் பெயின்ட் பிரஷ் நனைத்துச் சிமென்ட் தரையில் பெரிது பெரிதாக எழுதட்டும், தோளில் இருந்து கை அசையும், அது நல்லது. சாக்பீஸை உடைத்துச் சின்னத் துண்டாகக் கொடுங்கள். துண்டு சின்னதாக இருந்தால் மூன்று விரலால்தான் பிடிக்க முடியும், முஷ்டியில் பிடிக்க வராது. பிடி சரியாக இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. புளியங்கொட்டை பொறுக்குவது, துணிக் கிளிப்பை அழுத்திக் கொடியில் மாட்டுவது எல்லாம் வீட்டிலேயே செய்யலாம்.

புள்ளிக்கோட்டின் மேல் எழுதும் புத்தகம் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தியானா பல்கலைக்கழகத்தில் காரின் ஜேம்ஸ் என்பவர் உடன் ஆய்வாளரோடு சேர்ந்து 2012-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். இன்னும் வாசிக்கத் தெரியாத ஐந்து வயதுப் பிள்ளைகள், ஆங்கில எழுத்துகளில் சிலவற்றைத் தானாகக் கையால் எழுதினார்கள், சிலவற்றைக் கீபோர்டில் தட்டினார்கள், சிலவற்றைக் கோட்டின் மேலேயே வரைந்தார்கள். பிறகு ஸ்கேனில் படுக்கவைத்து எழுத்துகளைக் காட்டினால், கையால் எழுதிப் பழகிய எழுத்துகளுக்குத்தான் பெரியவர்கள் வாசிக்கும்போது இயங்கும் மூளைப் பகுதிகள் இயங்கின. தட்டியதற்கும், கோட்டின் மேல் வரைந்ததற்கும் அப்படி இல்லை. சின்ன ஆய்வுதான், தமிழும் இல்லை, ஆனால் எனக்கு அதில் வியப்பு இல்லை. தானாக எழுதும் பிள்ளையின் க ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக இருக்கும், அத்தனையும் க-தான் என்று கண் பழகும். புள்ளிக்கோட்டில் அந்த வேலையே இல்லை, விரல் தண்டவாளத்தில் போகிறது. ஓரிரு தடவை வழி காட்டப் புள்ளிக்கோடு போதும், அதற்கு மேல் அது பதிப்பகத்துக்கு லாபம்.

---

மணல்தட்டு

மான்டிசோரி பயிற்சி எடுத்தவள் என்பதால் கொஞ்சம் ஒருபக்கமாகத்தான் பேசுவேன், கழித்துக்கொள்ளுங்கள். மரியா மான்டிசோரி அம்மையார் 1907-இல் ரோமில் ஏழைப் பிள்ளைகளுக்கு நடத்திய இல்லத்திலேயே பார்த்தது இது: பிள்ளைகளுக்கு எழுத்து முதலில் வருகிறது, வாசிப்பு அதன் பின்னால் வருகிறது. 1939-இல் அவர் அடையாறுக்கு வந்து இங்கே பயிற்சி கொடுத்ததால் நம் ஊருக்கும் அது புதிதில்லை. காரணம் எளிது. எழுதும்போது சொல் என்னவென்று பிள்ளைக்கு முன்பே தெரியும், அதை ஒலி ஒலியாகப் பிரித்தால் போதும். வாசிக்கும்போது சொல் என்னவென்று தெரியாது, ஒலிகளைச் சேர்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். இரண்டாவது கஷ்டம் அதிகம். இத்தாலிய மொழியில் ஒலிக்கும் எழுத்துக்கும் பெரிய தகராறு இல்லை, தமிழிலும் ஓரளவு அப்படித்தான், அதனால் நமக்கும் பொருந்துகிறது.

ஆனால் அட்டை செய்யும்போது கவனம் வேண்டும், ஆங்கிலத்துக்குச் செய்வது போலத் தமிழுக்குச் செய்ய முடியாது. நான் செய்வது இப்படி: மெய்யின் அகர வடிவங்கள் (க, ச, ட...) தனி அட்டை. துணைக்கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு தனித்தனிச் சின்ன அட்டை, வேறு நிறத்தில். புள்ளிக்கு ஒரு பொத்தான். ஆனால் கி, கீ, கு, கூ இவற்றைப் பிரிக்கவே கூடாது, முழு எழுத்தாகவே அட்டை. ஏனென்றால் கு ஒரு மாதிரி, சு ஒரு மாதிரி, டு, து ஒவ்வொன்றும் ஒரு மாதிரி, எல்லாவற்றுக்கும் பொதுவான ஒட்டு என்று ஒன்று கிடையாது. டி, டீ-யும் அப்படித்தான். இதை 'விதி' என்று சொல்லிக்கொடுக்கப் போனால் நமக்கே குழம்பும். சொல்லோடு ஒவ்வொன்றாக அறிமுகம் ஆகட்டும்: ஆடு, மாடு, வீடு, காடு, ஓடு. ஒரே வாரத்தில் டு கையில் ஏறிவிடும்.

கொம்பு வரும்போது கட்டாயம் இடறுவார்கள், இதற்குத் தயாராக இருங்கள். காதில் 'கெ' என்று கேட்கும்போது முதலில் க், பிறகு எ. எழுதும்போது முதலில் கொம்பு, பிறகு க. கொ, கோ இன்னும் மோசம், முன்னால் ஒன்று பின்னால் ஒன்று. வெறும் வாசிப்பாக இருந்தால் கொ-வைப் பார்த்து "கெ, ர" என்று படிக்கும் பிள்ளைகள் உண்டு. துணைக்காலும் ர-வும் ஒரே மாதிரி இருக்கிறதே, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. இந்த இடத்தில்தான் எழுத்தும் வாசிப்பும் சேர்ந்து போவதன் பலன் கண்ணுக்குத் தெரியும். கையால் அட்டையை எடுத்து க-வுக்கு முன்னால் வைத்த பிள்ளைக்கு, கொம்பு அடுத்து வருபவரைச் சேர்ந்தது என்று தெரியும், அதே பிள்ளை வாசிக்கும்போது கொம்பைப் பார்த்ததும் அடுத்த எழுத்துக்குப் போய்விட்டுத் திரும்பும். எழுதாமல் இதை விளக்கிப் பார்த்திருக்கிறேன், தலையாட்டுவார்கள், அவ்வளவுதான்.

ரெண்டு பிள்ளை அப்பாவுக்கு: பாலு, பூன இரண்டும் சோம்பேறித்தனப் பிழை இல்லை. நாம் வீட்டில் பாலு, கல்லு, மண்ணு, பல்லு என்றுதான் சொல்கிறோம். மழையை மழ என்கிறோம், இலையை எல என்கிறோம். பிள்ளை காதில் விழுந்ததை ஒரு எழுத்து விடாமல் எழுதியிருக்கிறது. 1971-இல் சார்ல்ஸ் ரீட் என்ற மொழியியலாளர், பள்ளிக்கு முந்தைய வயதுப் பிள்ளைகள் தாங்களாக எழுதிய ஆங்கிலத்தைப் பார்த்து இதையே சொன்னார். 'ட்ரக்' என்ற சொல்லைச் சில பிள்ளைகள் ச-வில் தொடங்குவது போல எழுதினார்கள், வாயில் அந்த ஒலி உண்மையிலேயே அப்படித்தான் வருகிறது, நமக்குத்தான் எழுதிப் பழகி அது கேட்காமல் போய்விட்டது. அதனால் முதலில் பாராட்டுங்கள், பிறகு "பேசும்போது பாலு, புத்தகத்தில் பால்" என்று பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள். பிள்ளை எழுதியதன் மேல் சிவப்பில் அடிக்காதீர்கள்.

இதில் இன்னொன்று, பாடநூல் படங்களைப் பாருங்கள், இ-க்கு இலை. வகுப்பில் பாதிப் பிள்ளைகள் அந்தப் படத்தைப் பார்த்து "எல" என்பார்கள். இ-யை அறிமுகப்படுத்த அதைவிட மோசமான சொல் கிடைக்காது! இட்லி என்று வையுங்கள், எல்லாரும் இ-யில்தான் தொடங்குவார்கள்.

---

பல்பம்

இவ்வளவு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லாருக்கும் நன்றி. "இம்" விஷயத்தை இன்றைக்கே செய்து பார்த்தேன். படம் என்று இழுத்து உதட்டை மூடச் சொன்னேன், பக்கத்து வகுப்பு மிஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

இரண்டு சந்தேகம். பெயர் எழுதுவது எல்லாப் பிள்ளைக்கும் முதல் ஆசை. ஆனால் என் வகுப்புப் பெயர்களைப் பாருங்கள், தர்ஷினி, ஜோஷிதா, ரித்விக், ஸ்ரீநிதி. ட, ப, ம படிக்கும் பிள்ளை ஸ்ரீ-யை எப்படி எழுதும்? இன்னொன்று, 216-ஐ முடிக்காமல் ஒன்றாம் வகுப்புக்கு அனுப்பினால் அங்கே திட்டுவார்கள்.

---

மணல்தட்டு

பெயரைப் படமாகவே விடுங்கள். மேசை மேல், பை மேல், தண்ணீர் பாட்டில் மேல் பெயர் அட்டை இருக்கட்டும், அதைப் பார்த்து எழுதட்டும், எழுத்து எழுத்தாக விளக்க வேண்டாம். பார்த்து எழுதுவதற்கு எனக்குத் தெரிந்து நியாயமான இடம் அதுதான். ஷ, ஜ, ஸ எல்லாம் பெயரில் இருந்தே அவர்களுக்குத் தெரிந்துவிடும், ஜோஷிதாவின் ஷி என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். வருகைப் பதிவையே அவர்களை எழுதச் சொல்லலாம், காலையில் வந்ததும் போர்டில் அவரவர் பெயர்.

216 பற்றி: கன்னடத்தில் சோனாலி நாக் செய்த ஆய்வுகளில், பிள்ளைகள் எழுத்துகள் முழுவதையும் கைவசப்படுத்த மூன்றாம் நான்காம் வகுப்பு வரைகூட ஆகிறது என்று தெரிந்தது. கன்னடத்தில் கூட்டெழுத்துகள் அதிகம், நம்முடையது அதைவிட எளிது, என்றாலும் ஐந்து வயதுக்குள் முடித்தாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. தவிர ங வரிசையில் ங் தவிர மற்றவை எந்தச் சொல்லில் வருகின்றன? ஙீ, ஙூ, ஙெ எழுதவைத்த நேரத்தில் நூறு சொல் வாசித்திருக்கலாம்.

---

ரெண்டு பிள்ளை அப்பா

சரி, 'பேசும்போது பாலு' என்ற விளக்கம் எனக்குப் பிடித்தது, மூத்தவளுக்கு அப்படி ஒருவரும் சொல்லவில்லை. ஆனால் பெற்றோர் பக்கத்தில் இருந்து சொல்கிறேன், மிஸ். நோட்டு காலியாக வந்தால் நாங்கள் பயப்படத்தான் செய்வோம். காசு கட்டுகிறோம், பிள்ளை என்ன படித்தது என்று தெரிய எங்களிடம் இருப்பது அந்த நோட்டு ஒன்றுதான். பக்கத்தை எடுத்துவிட்டால் அதற்குப் பதிலாக ஏதாவது கொடுங்கள். பிள்ளை வீட்டில் வந்து நாலு வரி வாசித்துக் காட்டினால் நான் ஏன் நோட்டைத் தேடப் போகிறேன்?

இன்னொரு சின்ன விஷயம். எங்கள் அம்மா பேரனுக்கு எழுதிக் கொடுக்கும்போது லை, னை, ணா எல்லாம் பழைய வடிவத்தில் போடுகிறார், யானை தும்பிக்கையைச் சுருட்டிய மாதிரி. பையன் "ஆச்சிக்கு எழுதத் தெரியலை" என்கிறான். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன்னால் படித்தவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள், அவர்கள்தான் சாயங்காலம் ஹோம்வொர்க் பார்க்கிறவர்களும். பெற்றோர் கூட்டத்தில் இதைச் சொல்லிவிடுங்கள்.

---

கம்பிப்பந்தல்

ஆச்சி விஷயம் உண்மை, எனக்கே சில நேரம் கை பழைய லை-க்குப் போகும்.

பெற்றோருக்குக் கொடுக்க ஒரு வழி: வெள்ளைத்தாளை நாலாக மடித்து நடுவில் நூல் போட்டால் எட்டுப் பக்கப் புத்தகம். பக்கத்துக்கு ஒரு படம், கீழே ஒரு சொல், பிள்ளையே எழுதியது. படம், பட்டம், மாமா, பாப்பா. வெள்ளிக்கிழமை வீட்டுக்குக் கொடுத்தனுப்புங்கள், "வாசிக்கக் கேளுங்கள், திருத்தாதீர்கள், கேட்டதும் கையெழுத்துப் போடுங்கள்" என்று பின்னட்டையில் எழுதி. கரஸ்பாண்டன்ட் கேட்டால் அவரையே வகுப்புக்குக் கூப்பிட்டு இரண்டு பிள்ளைகளை வாசிக்கச் சொல்லுங்கள், அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. 216-ஐ முழுதாக விட முடியாது என்றால் சுவரில் பெரிய அட்டவணையாக மாட்டிவையுங்கள், சொல்லில் சந்தித்த எழுத்துக்கு அன்றன்று பிள்ளைகள் வண்ணம் அடிக்கட்டும். டிசம்பரில் பாதி வண்ணமாக இருக்கும், ங வரிசை வெள்ளையாகவே கிடக்கும், யார் கேட்டாலும் காட்டலாம்.

எழுதியதை அன்றைக்கே வாசிக்கவையுங்கள், இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். மறுநாள் என்று தள்ளினால் அது மறுபடி பக்கம் நிரப்பும் வேலையாகிவிடும்.

---

பல்பம்

எட்டுப் பக்கப் புத்தகம் திங்கட்கிழமை தொடங்குகிறேன். ட, ப, ம, புள்ளி, துணைக்கால் இவ்வளவுதான் இருக்கிறது. படம், மடம், பட்டம், பாடம், மாமா, பாப்பா, டாட்டா, ஏழு ஆச்சு. எட்டாவதுக்குப் படம் போடுகிற மாதிரி ஒரு சொல் சொல்லுங்களேன்.

---

கைவிரல்

பப்படம்.

---

ரெண்டு பிள்ளை அப்பா

அது நாகர்கோவில் பிள்ளைக்குத்தான் புரியும். எங்கள் பக்கம் அப்பளம்.

---

மணல்தட்டு

அப்பளத்துக்கு அ-வும் ள-வும் வேண்டுமே, அவங்க இன்னும் அங்கே வரலை. மடத்தை எடுத்துவிட்டு மாடம் போடுங்கள் டீச்சர், மடம் என்றால் என்னவென்று யு.கே.ஜி. பிள்ளைக்கு எப்படிப் படம் போடுவீர்கள்? எட்டாவது பக்கத்தைக் காலியாக விடுங்கள், அவங்களே ஏதாவது கண்டுபிடித்து எழுதட்டும்.